ஐயாவுக்குக் குளிர்ந்த சித்திரை

எங்கள் வயதுக்காரர் நாலுபேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு கடைசியில் மருந்துப் பெட்டியில்தான் வந்து நிற்கும். உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒருவருக்குப் பிரசர், இன்னொருவருக்குச் சீனி, மற்றவருக்கு முழங்கால். போன கிழமை ஒரு செத்தவீட்டுப் பந்தலில் எனக்குப் பக்கத்தில் இருந்த பள்ளித்தோழி கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்ன வெள்ளைக் குளிசையை எடுத்தாள். "விடியப் போட மறந்துபோனன். தைரொயிட்டுக்கு. இதை நாலு நாள் விட்டனெண்டால் எனக்கு ஒருத்தரோடையும் கதைக்க மனம் வராது," என்றாள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த வருத்தத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அந்தப் பேச்சைத் தாண்டிப் போக முடியவில்லை.

கழுத்தில் இருக்கிற ஒன்றுக்கும் கதைக்க மனம் வராமல் போவதற்கும் என்ன தொடர்பு என்று நான் ஒரு டொக்டரிடம் கேட்டபோது எனக்குப் பத்து வயது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் குடும்பம் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தது. குடியேற்றத் திட்டத்தில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஐயாவை உந்தித் தள்ளியது அம்மா. ஊரில் எங்களுக்கு இருந்தது பங்காளிகள் பலருக்குப் பொதுவான ஒரு துண்டுக் காணி. சொந்த வயல் என்ற ஆசை அம்மாவுக்குத்தான். ஊர்க் கோயிலையும் அங்கே நடக்கும் புராணப் படிப்பையும் விட்டுவர ஐயாவுக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனால் வந்தபின் ஒரு சொல் முறையிடவில்லை. காடு வெட்டினார், வேர் பிடுங்கினார், வரம்பு கட்டினார். பின்னேரங்களில் வாய்க்காலில் முழுகிவிட்டு, ஈரத் தலையோடு புராணப் பாட்டொன்றை இழுத்துப் பாடிக்கொண்டு வருவார். ஆள் படலைக்கு வருமுன் குரல் வந்துவிடும். அதைக் கேட்டபிறகுதான் அம்மா தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் ஏற்றுவார்.

முதலில் மாறியது ஐயாவின் சிரிப்பு. பள்ளிக்கூடத்துப் பகிடிகளை நான் வந்து சொன்னால் எனக்கு முன்னமே சிரிக்கிற ஆள், கொஞ்சம் பிந்திச் சிரிக்கத் தொடங்கினார். நான் சொல்லி முடித்து, அம்மாவும் சிரித்து முடித்து, குசினிக்குள் திரும்பிப் போனபிறகு ஐயாவின் சிரிப்பு வரும். எனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. எவ்வளவு பிந்துகிறது என்று பார்ப்பதற்காகவே பகிடி சொன்னேன். பிறகு ஒருநாள் காத்திருந்தும் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சித்திரையில் அவருக்குக் குளிரத் தொடங்கியது. வன்னிச் சித்திரையை நீங்கள் அனுபவித்திருக்கிறீர்கள். வெறுங்காலோடு முற்றத்தில் இறங்க முடியாது. நாய்கூட வாய்க்காலுக்குள் போய்ப் படுத்துவிடும். அந்த வெயிலில் ஐயா சாய்மனைக் கதிரையை முற்றத்தில் போட்டு, உடம்பைத் துவாயால் மூடிக்கொண்டு இருந்தார். முல்லைத்தீவுப் பக்கமிருந்து சைக்கிளில் புடைவை மூட்டையோடு விற்க வரும் முஸ்லிம் நானா ஒருவர் எங்களுக்கு வாடிக்கை. அம்மா அவரிடம் கம்பளி ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

"கம்பளியோ தங்கச்சி? மாரிக்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு."

"இப்பத்தான் வேணும் நானா. இவருக்குக் குளிருதாம்."

நானா ஐயாவை ஒருதரம் பார்த்தார். தன் நெற்றி வியர்வையைத் துடைத்தார். அடுத்தமுறை வந்தபோது சாம்பல் நிறத்தில் கறுப்புக் கரை போட்ட ஒரு கம்பளி கொண்டுவந்தார். பூச்சிக்குளிசை மணத்த அந்தக் கம்பளியை ஐயா அன்றே போர்த்திக்கொண்டார். பிறகு பல மாதம் அதைக் கழற்றவில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அது எந்த ஊரில் விடுபட்டதோ தெரியாது. மணம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

நான் எதையும் துருவித் துருவி விடுப்புப் பார்க்கிற பிள்ளை. ஐயா கதிரையில் இருந்தபடியே நித்திரையானால் கிட்டப்போய் ஆராய்வேன். புருவங்களின் வெளி நுனிகள் மெல்ல மெல்ல இல்லாமல் போயிருந்தன. யாரோ அழிறப்பரால் அழித்துவிட்டது போல இருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் ஊதியிருந்தது. முன்கையை நகத்தால் கீறினால் சுண்ணாம்பில் கீறியது மாதிரி வெள்ளைக் கோடு விழும். நெஞ்சில் காதை வைத்தால் உள்ளே அடிப்பது தூரத்தில் யாரோ ஆறுதலாக, இடைவெளி விட்டு விறகு கொத்துவது போலக் கேட்கும். என் நெஞ்சில் கைவைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். என்னுடையது ஓடியது. ஐயாவுடையது நடந்தது.

இவற்றையெல்லாம் யாரிடமும் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்களும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பார்த்தது வேறு. முகம் ஊதியதைக் கண்டு, "வன்னித் தயிர் நல்லாய்ப் பிடிச்சிருக்கு, ஆள் தசைபோட்டிட்டார்," என்றார்கள். குரல் கரகரத்து, சொற்களுக்கிடையில் பெரிய இடைவெளி விட்டுப் பேசியதைக் கண்டு, "காணிக்காரனான உடனை பெரிய மனுசக் கதை வந்திட்டுது," என்றார்கள். வயலுக்குப் போகாமல் இருந்ததற்குச் சோம்பல் என்ற ஒரே சொல் எல்லோருக்கும் போதுமாக இருந்தது.

உள்ளே வன்னிக் காய்ச்சல் கிடக்கிறது என்று ஒருவர் சொல்ல, அம்மா கசப்பு மருந்து கொடுத்தார். மாறவில்லை. பிறகு வைரவர் கோயில் பூசாரி வந்து பார்த்தார். காடு வெட்டும்போது ஐயா ஒரு பெரிய பாலை மரத்தை விழுத்தியிருந்தார். அதில் இருந்தது எதுவோ அதுதான் ஆளைப் பிடித்திருக்கிறது என்று பூசாரி நூல் கட்டிவிட்டுப் போனார். அம்மா அதைப் பாதி நம்பினார். ஐயா முழுதும் நம்பினார்.

"பிள்ளை," என்று ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பாலையில எத்தினை குருவி இருந்திருக்கும்?"

"கனக்க இருந்திருக்கும் ஐயா. பழம் பழுக்கிற மரமெல்லோ."

"ஓம்," என்றார். வெகுநேரத்துக்குப் பிறகு, "கனக்க இருந்திருக்கும்," என்று நான் சொன்னதையே திருப்பிச் சொன்னார். கண்ணால் நீர் வடிந்தது. அவர் அழுவது மாதிரியும் இல்லை. துடைக்கவும் இல்லை. ஒரு மரத்துக்காக ஒரு பெரிய ஆள் இப்படி இருக்க முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தோடு நான் விளையாடப் போய்விட்டேன்.

அதே நாட்களில்தான் அம்மா எனக்கு ஒரு வேலை தந்தார். ஐயா கிணற்றடிக்கோ வாய்க்கால் பக்கமோ போனால் நானும் போகவேண்டும்.

"ஏனம்மா?"

"சும்மா போ. ஐயாவோட கதைச்சுக்கொண்டு நில். தனிய விட்டிட்டு வராதை."

நான் சந்தோசமாகப் போனேன். கிணற்றுக் கட்டில் ஐயா குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நானும் குனிந்து பார்ப்பேன். தவளை தெரியும், எங்கள் இருவரின் தலைகளும் தெரியும். ஒருமுறை அவர், "நான் இல்லாட்டிலும் காணி அம்மான்ர பேருக்குத்தான் வரும்," என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. அதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்புவித்தேன். அம்மாவின் கையில் இருந்த அகப்பை நின்றுவிட்டது. அன்று பின்னேரமே அவர் கிணற்றுக் கயிற்றைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். கயிறு நனைந்து உக்கிப்போகும் என்று எனக்குச் சொன்னார். நான் பிள்ளை பெற்று வளர்த்த பிறகுதான் ஒருநாள், ஏதோ பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது, அது என்ன கயிறு, ஏன் கழற்றினார் என்பது சட்டென்று விளங்கியது.

சிறுபோக நெல் விதைக்காமல் போயிற்று. ஆவணியில் காணிக் கந்தோரிலிருந்து ஒபிசர் வந்தார். கம்பளிக்குள் இருந்த ஐயாவைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"அரசாங்கம் நித்திரை கொள்ள ஒருத்தருக்கும் காணி குடுக்கேல்லை. மாரிக் காலபோகமும் தரிசாய்க் கிடந்தால் வேறை ஆளுக்குப் போயிடும். பிறகு என்னில பிழை சொல்லக்கூடாது."

அம்மா, "விதைப்பம் ஐயா," என்றார். யார் விதைப்பது என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மாமாவை வரவழைத்தார் அம்மா. மாமா அவருக்கு மூத்த தமையன், பள்ளிக்கூட வாத்தியார். ஐயாவோடு சற்று நேரம் கதைத்துப் பார்த்துவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, இது உடம்பு வருத்தமில்லை. மனம் பேதலிச்சுப்போச்சு. கொழும்புப் பக்கத்தில அதுக்கெண்டு ஆஸ்பத்திரி இருக்கு. கொண்டுபோய் விட்டிட்டு, நீயும் பிள்ளையும் ஊருக்கு வாங்கோ."

"அவருக்குப் பேதலிக்கேல்லை அண்ணை. அவருக்கு என்னோட கோவம்."

"என்ன கோவம்?"

"ஊரை விடுவிச்சு இந்தக் காட்டுக்குள்ள கொண்டுவந்தது நானெல்லோ. அதுதான் கதைக்கிறாரில்லை."

அந்த மன ஆஸ்பத்திரியில் சேர்ப்பதென்றால் ஒரு டொக்டர் எழுதித் தரும் துண்டு வேண்டும். அதை வாங்குவதற்காக வவுனியாவில் இருந்த ஒரு டொக்டரிடம் போவதென்று முடிவாயிற்று. என்னை விட்டுவர வீட்டில் ஆளில்லை. அதனால் நானும் பஸ் ஏறினேன். பஸ்ஸுக்குள் எல்லோரும் வியர்த்து வழிய, ஐயா மட்டும் கம்பளியோடு யன்னல் பக்கம் இருந்தார்.

டொக்டர் மூக்குக்கண்ணாடி போட்ட, மெல்லிய, நடுவயது மனிதர். மாமா உள்ளே போனதும் நின்றபடியே, "ஒரு துண்டு வேணும் டொக்டர், ஆளுக்கு மூளையில..." என்று தொடங்கினார். டொக்டர் கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னார். ஐயாவிடம் பெயர் கேட்டார். ஐயா சொன்னார். சொல்லிமுடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."

ஐயா திரும்பவும் சொன்னார். டொக்டர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "இவற்ற குரல் முந்தியும் இப்பிடியோ?" என்றார்.

மாமாவுக்குத் தெரியாது. அம்மா பேசத் தயங்கினார். "இல்லை," என்றேன் நான். "ஐயா புராணம் படிக்கிறவர். வாய்க்காலில படிச்சால் வீட்டில கேக்கும்."

அதற்குப் பிறகு டொக்டர் துண்டைப் பற்றிப் பேசவில்லை. ஐயாவின் கழுத்தைத் தொட்டு விழுங்கச் சொன்னார். புருவத்தைப் பார்த்தார். முன்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். நான் தனியே பார்த்துவைத்திருந்த ஒவ்வொன்றையும் அவர் ஒவ்வொன்றாகத் தேடிப்போனார். கடைசியில் ஐயாவை ஒரு கதிரையில் முழங்காலில் நிற்கச் செய்து, குதிக்கால் நரம்பில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் விசுக்கென்று பின்னால் அசைந்தது. திரும்பி வரும்போதோ, மிக ஆறுதலாக, யோசித்து யோசித்து வருவது போல வந்தது. "பாருங்கோ," என்று மாமாவைக் கிட்டக் கூப்பிட்டுக் காட்டினார். மாமா எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"எனக்கும் தட்டுவீங்களோ டொக்டர்?" என்றேன்.

அம்மா முறைத்தார். டொக்டர் சிரித்துவிட்டு என்னையும் கதிரையில் ஏற்றித் தட்டினார். என் பாதம் அசைந்த வேகத்திலேயே திரும்பி வந்தது.

"தொண்டைக்கு முன்னால ஒரு சுரப்பி இருக்கு," என்று டொக்டர் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். "உடம்பு ஓடுற வேகத்தை அதுதான் பாக்கிறது. இவருக்கு அது வேலை செய்யிறது குறைஞ்சுபோச்சு. அதாலதான் குளிர், வீக்கம், நித்திரை எல்லாம். மனம் விழுந்து கிடக்கிறதும் அதாலதான் எண்டு நினைக்கிறன். பைத்தியமில்லை. துண்டு தேவையில்லை."

"கழுத்தில இருக்கிறது எப்பிடி மனத்தைத் தொடும்?" என்று கேட்டது நான்.

டொக்டர் சுத்தியலை மேசையில் வைத்தார். "எனக்கும் முழுக்கத் தெரியாது பிள்ளை. ஆனால் தொடுது. கன பேரில கண்டிருக்கிறன்," என்றார்.

பெரியவர் ஒருவர், அதுவும் டொக்டர், தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

டொக்டர் ஒரு குளிசை எழுதித் தந்தார். அந்த மருந்து வந்த கதையையும் சொல்லவேண்டும். மாமா பஸ் நேரம் விசாரிக்கப் போய்விட்டார். அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து ஐயா அந்தக் கரகரத்த குரலில், "இது எதில செய்யிறது?" என்று கேட்டார். ஆடு மாடுகளின் கழுத்தில் இருக்கும் அதே சுரப்பியைக் காயவைத்து இடித்துச் செய்கிறார்கள் என்றார் டொக்டர். எங்கள் வீட்டில் முட்டைகூட ஏறாது. ஐயா என் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்குச் சொல்லாதை பிள்ளை. அவ தாங்கமாட்டா."

பிறகு மருந்து எடுக்கிற யன்னலடியில் அம்மா அதே கேள்வியை மருந்து கட்டுகிறவரிடம் கேட்டார். அதே மறுமொழிதான் கிடைத்தது. மண்ணிறப் போத்தலைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, என் கையைப் பிடித்து, "ஐயாவுக்குச் சொல்லிப்போடாதை. பிறகு வாயில வைக்கமாட்டார்," என்றார்.

நான் இரண்டுபேருக்கும் தலையாட்டினேன். பிறகு பல வருசம் அந்தப் போத்தல் எங்கள் வீட்டில் ஓரிடத்தில் இருந்ததில்லை. அம்மா அதைச் சுவாமி படத்துக்குத் தூரமாக அலுமாரிக்கு மேல் வைப்பார். இன்னும் தூரமாக இருக்கட்டும் என்று ஐயா அதைக் குசினி யன்னலுக்கு மாற்றுவார். ஏன் மாற்றினாய் என்று ஒருவரையொருவர் கேட்டதே இல்லை. இருவரும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். கடைசிவரை நான் வாய் திறக்கவில்லை.

மருந்து உடனே ஒன்றும் செய்யவில்லை. புரட்டாதி முடியும் முன் விதைத்தாக வேண்டும். ஆண்கள்தான் விதைப்பார்கள் என்ற வழக்கத்தை மீறி, அம்மா சேலையை வரிந்துகட்டி, நெல்லுக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கினார். வரம்பில் நின்று சிலர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் கைகொட்டிச் சிரித்தார். அம்மா திரும்பிப் பார்க்காமல் வீசிக்கொண்டே போனார். ஐயா முற்றத்தில் கம்பளிக்குள் இருந்தார்.

மழை தொடங்கியபோது ஒருநாள் கம்பளி கதிரையில் தனியே கிடந்தது. ஐயா பக்கத்தில் நின்றார், வெறும் மேலோடு. பிறகு முகத்தின் வீக்கம் வடிந்தது. பசிக்கிறது என்றார். சிரிப்பு மட்டும் வரக் காணோம். உடம்பு முதலில் வரும், மனம் பின்னால் நடந்து வரும், பொறுத்திருங்கோ என்று டொக்டர் சொல்லித்தான் விட்டிருந்தார். பாலை மரத்தைப் பற்றி ஐயா பேசாமல் விட்டதை நான் கவனித்தேன். ஒருநாள் நானே கேட்டேன்.

"குருவி எல்லாம் எங்கை ஐயா போயிருக்கும்?"

"வேறை மரத்துக்குப் போயிருக்குமெணை பிள்ளை," என்றார். அதே மரம், அதே குருவிகள். முன்பு அழவைத்தது இப்போது ஏன் அழவைக்கவில்லை? குளிசை மரத்தை என்ன செய்தது? இந்தக் கேள்வியை இவ்வளவு வயதிலும் நான் விடவில்லை. இப்போதெல்லாம் மனம் சோர்ந்து போகிறவருக்கு முதலில் இரத்தம் எடுத்துத் தைரொயிட்டையும் பார்த்துவிடுகிறார்கள். நல்லது. ஆனால் எல்லாச் சோர்வும் கழுத்திலிருந்து வருவதில்லை என்பதையும் நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மனுசன் போனபிறகு எனக்குச் சாப்பாடு இறங்காமல், ஆட்களைக் காணப் பிடிக்காமல் இருந்தபோது, 'இது ஐயாவின் வருத்தம்தான்' என்று நிச்சயமாக நம்பி இரத்தம் சோதிக்கப் போனேன். சுரப்பி நன்றாக வேலை செய்தது. "இது வேறை, அம்மா. இதுக்கும் வழி இருக்கு," என்றாள் அந்த இளம் டொக்டர். இருந்தது. ஆகவே தோழிகளே, உங்களுக்குக் கதைக்க மனம் வராமல் போனால் அதைச் சோம்பல் என்றோ, வயது என்றோ, யாரோடோ கோவம் என்றோ நீங்களாகவே பெயர் வைத்துவிட வேண்டாம். போய்க் காட்டுங்கள்.

கார்த்திகையில் ஒருநாள் காலை ஐயா வயலுக்கு வந்தார். அம்மா வரம்பில் மண்வெட்டியோடு நின்றார். நான் வாய்க்காலில் மீன்குஞ்சு பார்த்துக்கொண்டிருந்தேன். பயிர் முழங்கால் அளவுக்கு இன்னும் வரவில்லை. ஐயா வரம்பு நெடுக நடந்து போய், திரும்பி வந்து, நின்றார்.

"இதென்ன விதைப்பு?" என்றார். குரல் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை, ஆனால் சுறுக்கென்று வந்தது. "இஞ்சால ஒரே அடர்த்தி. அங்கால மொட்டையாய்க் கிடக்கு. கண்ணை மூடிக்கொண்டோ எறிஞ்சனீர்?"

அம்மா மண்வெட்டியை விட்டுவிட்டு வரம்பிலேயே இருந்துவிட்டார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று பார்க்க நான் கிட்டப் போனேன். இரண்டும் இருந்தது.

"என்னப்பா?" என்றார் ஐயா, குழம்பிப்போய்.

"இவ்வளவு நாளும் என்னோட கோவமெண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"கோவமோ? என்னத்துக்கு?"

"ஊரை விடுவிச்சு இஞ்சை கொண்டுவந்ததுக்கு."

ஐயா யோசித்தார். பழைய மாதிரிப் பிந்துகிற யோசனை இல்லை. உண்மையாகவே யோசித்தார்.

"கோவிக்கிறதுக்கும் பெலன் வேணுமப்பா. எனக்கு அதுவும் இருக்கேல்லை."

"இப்ப?"

"இப்ப இருக்கு," என்றார். "இறங்கும். அடர்ந்த இடத்தில பிடுங்கி மொட்டையில நடுவம். பிள்ளை, நீயும் வா."

மூன்றுபேரும் சேற்றில் இறங்கினோம். ஐயா பிடுங்கித் தந்தார், நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அம்மா நட்டார். வெயில் ஏற ஏற ஐயாவின் முதுகில் வியர்வை அரும்பி, கோடாகி, இடுப்புவரை வழிந்தது. அம்மா நடுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.